நான் திறந்த மூடி

மூடியைத் திறந்தவன் நான். திறந்த மூடியைப் பக்கத்துச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தவனும் நான். பிறகு அந்தக் குழிக்குள் விழுந்தவனும் வேறு யாருமில்லை. ஒரே ஆளிடம் மூன்று வேலையைக் கொடுத்தால் ஒன்றாவது கெடும் என்பார்கள். எனக்கு மூன்றுமே சுத்தமாக முடிந்தது. சுத்தமாக என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் நகராட்சியில் கட்டட ஆய்வாளர். வீடுகள் மனிதர் வாழத் தக்க நிலையில் இருக்கின்றனவா, படிக்கட்டு தாங்குமா, மாடியில் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, கழிவுநீர் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்த்து, சரியில்லாத வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டுவது என் பிழைப்பு. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தால் நாய்கூட எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் புகைப்படத்துக்கு ஒரு விதி உண்டு. கட்டடம் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே படத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கோப்பு திரும்பி வரும். கட்டடம் நாளைக்கே இடிந்து விழலாம், அது வேறு விஷயம். படத்தில் முழுசாக இருக்க வேண்டும். அதனால் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பதில் எங்கள் இலாகா மொத்தமும் கைதேர்ந்தது. முன்பக்கம் நடப்பதைப் பதவி உயர்வு சமயத்துக்கு என்று வைத்திருக்கிறோம்.

அன்று நான் போனது ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்திருந்தார். புகாரில் பொய் இல்லை. நாற்றம் தெருமுனை வரை வந்து என்னை எதிர்கொண்டு அழைத்துப் போனது. முற்றத்தில் செப்டிக் டேங்க். அதன் ஓரமெல்லாம் கறுப்பாகக் கசிந்து, காய்ந்து, மறுபடி கசிந்து, ஆறாத புண்ணைப் போல இருந்தது. அதை ஒட்டினாற்போல், படிக்கட்டுக்குக் கீழே, குடியிருப்பவர்களுக்கான தண்ணீர்த் தொட்டி. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொக்கியால் டேங்க் மூடியைத் தூக்கினேன். உள்ளே பார்த்தேன். பார்த்ததை எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். படம் எடுத்தேன். பிறகு கட்டடத்தின் முழுப் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

திரையில் மொட்டைமாடி வெட்டுப்பட்டிருந்தது. ஒரு எட்டு பின்னால் வைத்தேன். இன்னும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. இன்னொரு எட்டு. கீழ்ப்படியில் ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளும் படத்தில் விழுகிறாளே, கொஞ்சம் நகரச் சொல்லலாமா என்று நினைத்தபடியே மூன்றாவது எட்டை வைத்தேன். வைத்த இடத்தில் தரை இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவர் வெள்ளத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு மார்பு அளவுதான். ஆனால் விழுந்த வேகத்தில் தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. 'ஐயோ' என்று கத்த வாயைத் திறந்தேன், திறந்திருக்கக் கூடாது. ஜில்லென்று இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ள ஏதோ ஒன்று என்னைப் பாசத்தோடு கட்டிப்பிடித்தது போல. கரப்பான்பூச்சிகள் என் தோளைக் கரை என்று நம்பி ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்காவது ஒரு கரை கிடைத்தது.

மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவர் ஓடி வந்தார். "கையக் குடுங்க சார்!" என்று நீட்டியவர், என் கையைப் பார்த்ததும் தன் கையை இழுத்துக்கொண்டார். "வேணாம், வேணாம், கயித்தப் புடிங்க!" துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துப் போட்டு இழுத்தார்கள். கடைவாசலில் நின்ற கடைக்காரர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கயிறு பிடிக்க ஆள் குறைந்தாலும் படம் பிடிக்க ஆள் குறைவதில்லை.

அந்தப் பெண் ஓடி வரவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். "கண்ண மூடிக்குங்க சார்" என்று சொல்லி என் தலையில் ஊற்றினாள். மறுபடி நிரப்பினாள், மறுபடி ஊற்றினாள். என்னை நினைத்தால் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. தரைத்தளத்து முன்னறையில் குடியிருப்பவள் என்றும், மருத்துவமனை ஆட்களின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவள் என்றும் டிரைவர் சொல்லித் தெரிந்தது. எல்லோரும் அவளைக் கோட்டக்கா என்று கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, நான் பின்னாடி போறப்ப ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?" என்றேன், துப்பிக்கொண்டே.

"வெயிலு சார். கண்ணு கூசிடுச்சு."

அன்று காலையிலிருந்து மேகமூட்டம்.

*

பேருந்தில் ஏற்றவில்லை. நடந்தே வீடு போனேன். தெருவில் எனக்காக எல்லோரும் வழி விட்டார்கள். அமைச்சருக்குக்கூட அப்படி ஒரு வழி கிடைத்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி கதவைத் திறந்தாள், உடனே பாதி மூடினாள்.

"அங்கயே நில்லுங்க. என்னது இது?"

"ஆபீஸ் வேல."

"மத்தவங்க ஆபீஸ் வேலன்னா சட்டப்பையில மை கொட்டிட்டு வருவாங்க. நீங்க எதுல விழுந்தீங்க?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துக் குழாயை நீட்டி என் மேல் அடித்தாள், வண்டி கழுவுவது போல. கழுவிக்கொண்டே திடீரென்று நிறுத்தி, கிட்ட வந்து முகர்ந்தாள்.

"அங்க கழுவி விட்டாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"வாளி வாளியா ஊத்துனாங்க."

"அப்புறம் ஏன் தலையெல்லாம் அதே வாட? நம்ம தண்ணி பட்ட எடம் மட்டும்தான் வாட போயிருக்கு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பசை தடவித் தடவி மூளையும் கொஞ்சம் இறுகித்தான் போயிருந்தது. கால்சட்டையை அவள் குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். சட்டை புதுசு என்பதால் மனது வராமல், கொதிக்கிற நீரில் அலசிவிட்டு வாளியில் ஊறப் போட்டாள். மறுநாள் காலை அதை எடுத்தபோது வெள்ளைச் சட்டை முழுக்க ரோஜா நிறம். வாளியின் அடியில் புதிதாக வாங்கின சிவப்புத் துண்டு கிடந்தது.

"என்னடி இது?"

"எனக்கென்ன தெரியும், துண்டு அடியில கெடந்துச்சு. ஒரே வாளியில ஊறினா சாயம் ஏறாம என்ன செய்யும்?" என்றவள், சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

டேங்க்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டினாற்போல் இருந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. செங்கல்லை மிச்சம் பிடிக்க, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவரைக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர் எப்போதோ செத்துப்போய்விட்டது. அந்தப் பெண் எந்தத் தண்ணீரால் என்னைக் கழுவினாளோ, அதைத்தான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் குடிக்கிறார்கள்.

நான் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். விழுந்தபோதுகூட எனக்கு வாந்தி வரவில்லை.

*

அலுவலகத்தில் என்னை முந்திக்கொண்டு கடைக்காரரின் படம் வந்து சேர்ந்திருந்தது. "வாங்க டேங்க் சார்" என்றார் ஒருவர். "ஆழம் பாத்துட்டு வந்த ஒரே அதிகாரி" என்றார் இன்னொருவர். என் நாற்காலிக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. நானும் சிரித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கோ மூடி என்றாலே உடம்பு நடுங்கியது.

எங்கள் பெரிய அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பாக்கலாம்'. எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னார்.

அவர் அறைக்குப் போனேன். உள்ளே இன்னொருவரும் இருந்தார். அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் எங்கோ வெளியூரில் இருக்கிறாராம். வாடகை வசூலிப்பதும் மற்றதும் இவர்தான். உடம்பெல்லாம் சென்ட். அறைக்குள் நுழைந்தால் கண் எரிந்தது. மனதுக்குள் அவருக்கு சென்ட்டு என்று பெயர் வைத்தேன். முந்தின நாள் நான் முகர்ந்ததைவிட இது மேல் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் பாக்கலாம். பிறகு நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இல்ல, நில்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். அந்தத் தண்ணித் தொட்டியில..."

"அத விடுங்க. அறிக்கை எழுதணும்ல? மூடி உடைஞ்சு கெடந்துச்சு, அதுல தவறி விழுந்துட்டேன்னு எழுதிடுங்க. அதிகாரியே விழுற அளவுக்கு ஆபத்தான கட்டடம். எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி சீல் வெச்சிடலாம். உங்க மானமும் போகாது, புகாரும் முடிஞ்சிடும்."

சென்ட்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கட்டடம் காலியானால் இடித்துவிட்டு மனையை விற்கலாம். குடியிருப்பவர்களை உரிமையாளர் போகச் சொன்னால் சண்டை. நகராட்சி போகச் சொன்னால் சட்டம். இத்தனை வருடம் அவர்கள் கழிவைக் குடித்தபோது அசையாத நகராட்சி, நான் ஒருவன் ஒரு வாய் குடித்ததும் எழுந்து நின்றுவிட்டது, அவர்களைத் தெருவில் தள்ள.

"சார், காலி பண்ணா அவங்க எங்க போவாங்க?"

"பாக்கலாம்."

"தொட்டிச் சுவர மட்டும் மாத்திக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டா என்ன சார்? அதுவரைக்கும் லாரித் தண்ணி குடுக்க வெச்சா?"

"பாக்கலாம், பாக்கலாம். செப்டிக் டேங்க் வடிகால் பிரிவுல வரும். தண்ணித் தொட்டி குடிநீர் பிரிவுல வரும். நம்ம கிட்ட இருக்கிறது கட்டடம் மட்டும்தான். நடுச் சுவரு யாரு கிட்டன்னு..."

"பாக்கலாம்" என்றேன் நானே.

சென்ட்டின் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லுங்க. அந்தத் தொட்டியில கழிவு கலக்குதா, இல்லையா?"

"அது பாருங்க சார்" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "பழைய கட்டடம், பழைய தண்ணி, பழகின ஜனங்க."

நானும் பல வருடங்களாகப் பல வீடுகளின் கழிவறைகளைத் திறந்து பார்த்தவன். சுவரில் புழு ஊர்ந்ததைப் பார்த்திருக்கிறேன், செத்த எலி கிடந்த தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் அருவருப்பு இவ்வளவு தூரம் ஏறியது அந்தக் குளிரூட்டப்பட்ட அறையில்தான். நல்ல நாற்காலியும், பூச்சாடியும், சென்ட் வாசனையும் உள்ள அந்த அறையில். அதில் கொஞ்சம் என் மேலேயும் இருந்தது. காரணம், 'மூடி உடைஞ்சு கெடந்துச்சு' என்று எழுதினால் டேங்க் சார் என்ற பெயர் கொஞ்சம் மங்கும் என்று ஒரு நொடி நானும் கணக்குப் போட்டேன்.

"நாளைக்குக் காலைல நானே நேர்ல வர்றேன்" என்றார் பாக்கலாம். "நோட்டீஸ் ஒட்டிடலாம். பசை கொண்டு வந்துடுங்க."

*

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொன்னதைவிட அதிகமாகத் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே என் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரோஜா நிறம் கொஞ்சமும் போகவில்லை.

"சாயம் வாங்கி அந்த டேங்க்ல ஊத்துங்க" என்றாள்.

"எனக்கும் அதேதான் தோணுச்சு. நீலம் வாங்கலாம்னு இருக்கேன். பளிச்னு தெரியும்."

"வெள்ளத் துணி துவைக்கிற வீட்டுல போயி நீலமா? துணிக்கு நீலம் போட்டிருக்கான்னு சொல்லிட்டு அந்தாளு போயிடுவான். செவப்பு வாங்குங்க. செவப்புக்கு யாரும் காரணம் சொல்ல முடியாது."

என் மனைவியை எங்கள் இலாகாவில் சேர்த்திருந்தால் ஊர் எப்போதோ சுத்தமாகியிருக்கும். இலாகாதான் தாங்கியிருக்காது. கிளம்பும்போது எங்கள் வீட்டுத் தண்ணீரை கேன்களில் நிரப்பி ஆட்டோவில் ஏற்றினாள். "வெறுங்கையோட போயி நின்னு சாயம் ஊத்திட்டு வராதீங்க. இத மொதல்ல குடுங்க."

மாலை வெயிலில் மறுபடி அந்த முற்றத்துக்குப் போனேன். கொக்கியால் மூடியைத் தூக்கினேன். இந்தத் தடவை தூக்கியதும் டிரைவர் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். சாயத்தை ஊற்றி மூடி வைக்கும் வரை விடவில்லை. கோட்டக்கா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஆய்வாளருக்கு இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு கிடைத்திருக்காது.

கேன்களைக் கோட்டக்காவின் அறையில் இறக்கினேன். ஒற்றை அறை. ஒரு கயிற்றில் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக, தலையில்லாத மருத்துவர்கள் போலத் தொங்கின. மூலையில் அவளுடைய மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வயிறுதான் சார். ஒரு வாரம் நல்லா இருப்பா, மறு வாரம் படுப்பா. ஆஸ்பத்திரியில தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாங்க. காய்ச்சித்தான் குடுக்கிறேன்."

எதைக் காய்ச்சுகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்தத் தண்ணியக் குடுங்க. அத இன்னைக்கி யாரும் குடிக்க வேணாம். எதுக்குன்னு நாளைக்கித் தெரியும்" என்றேன். பிறகு, "காலைல காலி பண்ணச் சொல்லி ஒட்ட வர்றாங்கம்மா" என்றேன்.

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்க விழுந்ததுக்கா?"

"ஆமா."

"எங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும் சார். இந்த வேலையும் அங்கதான், இவளுக்கு வைத்தியமும் அங்கதான். இந்த வாடகைக்கு வேற எங்க குடுப்பாங்க?" அவள் குரலில் கெஞ்சல் இல்லை. கோபமும் இல்லை. துணிக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். விழும்போது விரல் பட்டுப் படம் பதிவாகி, போன் கையிலிருந்து எகிறி மேலேயே விழுந்திருந்தது. படம் அருமையாக வந்திருந்தது. தரையிலிருந்து மொட்டைமாடி வரை, விதிப்படி, முழுசாக. கீழ்ப்படியில் அவள். அவள் கண் கேமராவைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் காலுக்குப் பின்னால் தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

படத்தை அவளிடம் நீட்டினேன். "இதுல வெயிலே இல்லம்மா."

அவள் பார்த்தாள். "கூடையில இருந்து துணி கீழ விழுந்துச்சு சார். அதப் பாத்துட்டு இருந்தேன்."

படத்தில் கீழே எந்தத் துணியும் இல்லை. நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

*

காலையில் பாக்கலாம் மூக்கில் கைக்குட்டையோடு வந்து இறங்கினார். சென்ட்டும் கூட வந்தார். அவருக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை. கட்டடத்து ஆட்கள் பலரும் படிக்கட்டில் நின்றார்கள். கடைக்காரர் போனைத் தயாராக வைத்திருந்தார். என் கையில் பசை வாளி.

"சரி, சீக்கிரம் ஒட்டிடுங்க" என்றார் பாக்கலாம்.

"சார், ஒரு நிமிஷம். தண்ணித் தொட்டிய ஒருதரம்..."

"தொட்டிக்கும் டேங்க்குக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்று சென்ட்டு குறுக்கே வந்தார். "தனித்தனியா இருக்கு. நான் நின்னு கட்டினது. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

அவருக்குப் பின்னால் கோட்டக்கா அலுமினியத் தொட்டியைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. லேசாகக் கலங்கியது மாதிரி, அவ்வளவுதான். சாயம் போதவில்லையோ என்று நினைத்தேன். அவள் தோளிலிருந்த வெள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்தாள். தேய்த்து மடித்த, மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய கோட்டு. அதைத் தண்ணீரில் முக்கினாள். ஊற விட்டாள். சென்ட்டு தான் கட்டின கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கோட்டைத் தூக்கி உதறி, அவர் முகத்துக்கு எதிரே கயிற்றில் போட்டாள்.

ரோஜா நிறம். என் சட்டையின் அதே நிறம். மடிப்பு இருந்த இடங்களில் இன்னும் கருஞ்சிவப்பாக, ரத்தம் துடைத்த துணி போல. நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக முற்றத்தில் வழிந்தது.

மாடியிலிருந்து ஒரு கிழவர் தன் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தூர எறிந்தார். டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து கால்களுக்கு நடுவே துப்ப ஆரம்பித்தார். துப்பினார், துப்பினார், நிறுத்தவில்லை. இத்தனை வருடத்தையும் துப்பிவிட முடியும் என்பது போல.

"இவ சாயத்தக் கலந்திருக்கா!" என்றார் சென்ட்டு.

"கலந்தது நான்" என்றேன். "நேத்து டேங்க்ல ஊத்தினேன். இன்னைக்கிக் குழாயில வருது. நடுவுல என்ன இருக்குன்னு நீங்கதான் நின்னு கட்டினீங்க, நீங்களே சொல்லுங்க."

பாக்கலாம் கைக்குட்டைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, இதெல்லாம் அப்புறம். மூடி உடைஞ்சு..."

"மூடி உடையல சார்." கடைக்காரரின் போன் என்னைப் பார்த்து நிமிர்ந்தது. ஏற்கெனவே ஊர் முழுக்க டேங்க் சார். இனி போக என்ன இருக்கிறது? "மூடியத் தொறந்தது நான். தொறந்தத மறந்துட்டுப் பின்னாடி போயி விழுந்ததும் நான். கட்டடத்துல ஆபத்து எதுவும் என் காலுக்குக் கீழ வரல. இவங்க வாய்க்குள்ளதான் வந்துட்டு இருக்கு. அதுக்கு வீட்டக் காலி பண்ண வேண்டியதில்ல, சுவரக் கட்டினா போதும். நோட்டீஸ் ஒட்டணும்னா இவரு வீட்டுக் கதவுல ஒட்டுறேன். பசை கொண்டாந்திருக்கேன்."

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். பாக்கலாம் போனைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் காலடியில் வந்து தேங்கின சிவப்புத் தண்ணீரைப் பார்த்து ஒரு எட்டு பின்னால் வைத்தார். "சார், பின்னாடி பாத்து" என்றேன். அவர் அங்கேயே மரமாக நின்றார்.

பாக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. தொட்டியைப் பூட்டவும், உரிமையாளர் வேறு தொட்டி கட்டித் தரவும், கட்டும் வரை லாரித் தண்ணீர் அனுப்பவும், குடியிருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கவும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வண்டியின் முன்பக்கத்தில் வைத்தே போட்டார். போகும்போது, கவனக்குறைவுக்கு என்னிடம் விளக்கம் கேட்கப்படும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் முதன்முதலாக 'பாக்கலாம்' இல்லாமல் முடித்த வாக்கியம் எனக்கு வந்து சேர்ந்தது.

*

மதியம் முதல் லாரி வந்தது. பெண்கள் குடங்களோடு முட்டி மோதினார்கள். "தள்ளி நில்லுடி, ஒனக்கு மட்டுமா வந்திருக்கு?" என்று ஒருத்தி, "நீ மட்டும் என்ன, குளிச்சே பல நாளான மாதிரி நிக்கிற!" என்று இன்னொருத்தி. தண்ணீர்த் தொட்டியின் மூடியில் நான் பூட்டுப் போட்டேன். டேங்க் மூடியையும் தொட்டுப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. இனி ஆயுள் முழுக்கத் தொட்டுப் பார்ப்பேன்.

கோட்டக்கா தன் குடத்தை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, ஒரு தம்ளரில் ஊற்றி மகளிடம் கொடுத்தாள். மகள் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு வெளியே வந்து, வீணாய்ப் போன அந்தக் கோட்டைக் கயிற்றிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்கு ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவீங்க?"

"தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லுவேன். அவங்களும் கேட்டுப்பாங்க."

நான் கிளம்பாமல் நின்றேன். பசை வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"ஏம்மா, வெயிலும் வேணாம், துணி விழுந்த கதையும் வேணாம். அன்னைக்கி நான் பின்னாடி போனத நீங்க பாத்தீங்கதானே?"

அவள் கோட்டின் கையை உள்ளே மடித்து, தட்டிச் சமன் செய்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தேன் சார். குழி இருக்குன்னும் தெரியும். கூப்பிடத்தான் வாயத் தொறந்தேன். உங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க வந்திருக்காங்க. தண்ணி நாறுதுன்னு ஒவ்வொருத்தருகிட்டயும் சொன்னேன். எல்லாரும் படம் எடுத்துட்டு, முற்றத்தச் சுத்தமா வெச்சுக்கணும்னு எங்க கதவுலயே ஒட்டிட்டுப் போனாங்க. நீங்களும் எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு தெரிஞ்சுச்சு. அதான் வாய மூடிக்கிட்டேன். நாங்க தெனமும் குடிக்கிறத நீங்களும் ஒரு வாய் குடிங்கன்னுதான் விட்டேன்."